முன்தண்டனையும் ஒரு யானையும்

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்ட ஆளுக்கு 'எதிரி' என்று பெயர். இது எனக்கு ஐம்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. குற்றப்பத்திரிகை நகலை வாங்கி வந்து வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். 'எதிரி தனது லோடு வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும், கைப்பேசியில் பேசியவாறும் ஓட்டி வந்து' என்று போய்க்கொண்டிருந்தது. நமக்கு வேண்டாதவன் எவனோ வசமாக மாட்டியிருக்கிறான் என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது.

"அந்த எதிரி நீங்கதானுங்க," என்றாள் வீட்டுக்காரி, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "கடைசி வரியைப் படிங்க."

படித்தேன். எதிரி ஏற்கெனவே இதே போன்ற குற்றத்துக்குத் தண்டனை அடைந்தவர், ஆகவே இரண்டாம் முறைக்குரிய கூடுதல் தண்டனைக்கு உரியவர். அதற்கு மேல் எழுத்து ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த கண்ணாடியைத் திரும்பப் போடாமலே ஐந்து நிமிஷம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் வாழை இலை ஏற்றுகிறவன். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இலைக் கட்டு எடுத்து, கல்யாண சீசனில் கோபிசெட்டிபாளையம் வரைக்கும் போய்த் தாரும் எடுத்து, கோயமுத்தூர் மண்டபங்களில் கொண்டுபோய் இறக்குவேன். சொந்த வண்டி, நானே டிரைவர். வண்டி ஓட்டுவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் வராது. இரண்டாம் முறை என்று தீர்ப்பானால் ரெண்டு வருஷம் வரைக்கும்கூட உள்ளே போடலாம், லைசென்ஸும் போய்விடும் என்றார்கள். எனக்கு ஜெயிலைவிட லைசென்ஸ் போவதுதான் பெரிய பயம். ஜெயிலில் சோறாவது போடுவார்கள்.

முதல் குற்றத்தை நான் செய்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. யானை குறுக்கே வந்த இந்த இரண்டாவது விபத்துக்கு ஒன்றரை வருஷம் முந்தி, காரமடையில் ஒரு முகூர்த்தம். நான் போய்ச் சேரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சமையல்காரர் விடாமல் போன் அடிக்கிறார். "பந்தி உக்காந்தாச்சுங்க. இலை எங்க? சோத்தைக் கையிலயா வாங்குவாங்க?" ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங், வாயில் "இதோ வந்துட்டேனுங்க." முன்னால் நின்றிருந்த காரின் டிக்கி என் வண்டியின் மூஞ்சிக்குள் பாதி வந்துவிட்டது. காரில் இருந்த மனுஷர் கழுத்துப் பட்டையோடு ஒரு மாதம் திரிந்தார். கோர்ட்டில் ஒத்துக்கொண்டேன், அபராதம் கட்டினேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்தது. முடிந்ததா என்றால் முடிந்தது. அபராதமும் தண்டனைதான், அது பெயரோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும், மூன்று வருஷத்துக்குள் இன்னொன்று வந்து சேர்ந்தால் எழுந்து நின்று கைகாட்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பசி.

காரமடைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வண்டியில் ஏறினால் போன் தூக்குப்போசிக்குள் போய்விட வேண்டும். நான் சோறு கொண்டுபோகிற போசிக்கு ஜோடியாக இன்னொன்று வாங்கி, சீட்டுக்குப் பின்னால் கம்பியில் மாட்டிவிட்டாள் வீட்டுக்காரி. போன் அடித்தால் உள்ளே வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி உறுமும். ஓட்டிக்கொண்டே எடுக்க வழியே கிடையாது. மூடி அவ்வளவு இறுக்கம். பார்த்துப் பார்த்து இறுக்கமானதாக வாங்கியிருந்தாள்.

இரண்டாவது விபத்து விடிகிற நேரம். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் இலை ஏற்றிக்கொண்டு வருகிறேன். லேசான பனி. எனக்கு முன்னால் ஒருவர் மொபெட்டில், பின்னால் பெரிய மூட்டை கட்டிக்கொண்டு போகிறார். பழைய கோயமுத்தூரில் மெத்தை தலையணை தைத்து, கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்கிற பாய் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போதைக்கு அவர் எனக்கு ஒரு மூட்டையும் ஒரு சிவப்பு லைட்டும்தான். வளைவில் அந்த லைட் பளிச்சென்று எரிந்தது. மொபெட் நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ரோட்டை மறித்துக் கறுப்பாக ஒரு சுவர். நேற்று இங்கே சுவர் இல்லையே என்று யோசித்தேன். சுவர் காதை ஆட்டியது.

பிரேக்கில் ஏறி நின்றேன். இலை லோடு பின்னாலிருந்து தள்ளுகிறது. நேரே போனால் மொபெட், மொபெட்டுக்கு அப்புறம் யானை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றது. ஆனால் போகிற போக்கில் வலது பக்கக் கண்ணாடி பாயைத் தட்டிவிட்டது. அவர் அந்தப் பக்கமாக விழுந்தார். வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. யானை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தென்னந்தோப்புக்குள் இறங்கிப் போய்விட்டது.

நான் இறங்கி ஓடிச் செய்த முதல் காரியம், லோடிலிருந்து ஒரு நுனி இலையை உருவிப் பாய்க்கு விசிறியது. எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பனி பெய்கிற விடிகாலை.

"விசிறுனது போதுங்க," என்றார் அவர், படுத்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

போன் போசிக்குள். மூடி வரவில்லை. முழங்காலுக்கு நடுவில் இடுக்கித் திருகினேன், வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். ஒரு பல்லின் ஓரம் அன்றைக்குப் போனது.

ஆம்புலன்ஸ் போன பிறகு போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் என் லைசென்ஸ் நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். அதுவரை என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது.

"ஏற்கெனவே போன் பேசி இடிச்சிருக்கீங்க?"

"ஆமாங்க."

"இப்பவும் போன்தானா?"

"ஆமாங்க."

"வேகமாத்தான வந்தீங்க?"

"ஆமாங்க."

யானையைப் பார்த்துவிட்டு வந்த வாய் அது. அதோடு எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. பொறுப்பில் இருக்கிற மனுஷர் ஒருத்தர் கேட்கும்போது முகத்துக்கு நேரே 'இல்லை' என்று வெட்டமாட்டோம். முதலில் "ஆமாங்க" என்போம். அப்புறம் மெல்ல, "ஆனா பாருங்க..." என்று ஆரம்பித்து, நாலு வார்த்தையில் அந்த ஆமாங்கவைத் திருப்பி எடுத்துக்கொள்வோம். கேட்கிறவருக்கும் அது தெரியும். இவர் வெளியூர்க்காரர். என் 'ஆனா' வருவதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார்.

"யானையை ஓட்டிட்டு வந்ததும் நீதானான்னு கேட்டிருந்தா அதுக்கும் ஆமாங்கன்னிருப்பீங்க," என்றாள் வீட்டுக்காரி.

சொல்லியிருப்பேன்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். நான் யானைக் கதையை ஆரம்பத்திலிருந்து, சுவர், காது, நுனி இலை எல்லாம் சேர்த்துச் சொன்னேன். முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார்.

"போலீஸ்ல ஆமாங்கன்னு சொன்னது கோர்ட்ல செல்லாதுங்கண்ணா. அதை விடுங்க. ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லப்போறீங்க?"

"ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிப்போட்டு..."

"கட்டிப்போட்டு? வீட்டுக்குச் சாப்பிடப் போலாம்னு நினைச்சீங்களா? இந்தத் தடவை ஒத்துக்கிட்டா பழசும் சேர்ந்து எந்திரிக்கும். அதுக்குத்தான் அந்தக் கடைசி வரி."

அப்புறம் அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அன்றைக்குத் தொண்டாமுத்தூர் ரோட்டில் நான் தப்புச் செய்தேனா என்பதுதான் முதல் கேள்வி. அது நிரூபணமானால்தான், எவ்வளவு தண்டனை என்று பார்க்கிறபோது, பழைய கேஸ் உள்ளே வரும். அன்றைக்குச் செய்தவன்தானே, இன்றைக்கும் செய்திருப்பான் என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

"பேப்பர்ல அது இருக்குதுங்க. இருந்துட்டுப் போகட்டும். நாம நம்ம வாயால அதை உள்ள இழுத்துட்டு வரக் கூடாது. புரியுதுங்களா?"

"நான் எதுக்குங்கம்மா இழுக்கறேன்?"

"உங்களைப் பார்த்தா இழுத்துப்போடுவீங்கன்னு தோணுதுங்கண்ணா."

இன்னொரு உத்தரவும் போட்டார். பாயைப் போய்ப் பார்க்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது. அவர்தான் முக்கியமான சாட்சி. கலைக்கப் பார்த்தான் என்று அதற்கு ஒரு கேஸ் வரும். இது காரமடைக் கேஸைவிடக் கஷ்டமாக இருந்தது. நம் வண்டி தட்டி ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்த் தலைமாட்டில் நிற்காதவனை எங்கள் பக்கத்தில் மனுஷனில் சேர்க்கமாட்டார்கள். போதாததற்கு, பாயின் மச்சினர் எழுதிக் கொடுத்த புகாரில் யானையே இல்லை. என் வண்டி, என் வேகம், என் போன், அவ்வளவுதான். வக்கீலம்மா காரணம் சொன்னார். நஷ்டஈடு கேட்கும்போது டிரைவர் மேல் தப்பு இருந்தால்தான் சுலபம். என் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. யானைக்கு இல்லை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் தங்கை வீட்டுக்காரர் வண்டிகள் வைத்து நடத்துகிறவர், கோர்ட் வாசல் அத்துப்படி. "மச்சான், ஜட்ஜைப் பார்த்துக் கையைக் கட்டி நில்லுங்க. வயசாச்சு, பிழைச்சுப் போகட்டும்னு ஃபைனோட விட்டுருவாரு. எதுத்து நின்னீங்கன்னா வருஷக்கணக்கா அலையணும்."

"விடலைன்னா?"

"விட்டுருவாருங்க."

"விடலைன்னா உங்க வண்டியில என்னைக் கிளீனரா வெச்சுக்குவீங்களா?"

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் கொஞ்சம் பயந்த சுபாவம், ஒத்துக்கொள்கிறேன். லாரி ஹாரன் அடித்தால் என் வண்டியை நானே ஓரம்கட்டி இறங்கி நிற்கிற ஆள். ஆனால் இந்த விஷயத்தில் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கட்டியாக உட்கார்ந்துவிட்டது. காரமடை என்னுடையது, அதற்குத் தலையைக் கொடுத்தாயிற்று. இது என்னுடையது இல்லை. இதற்கும் தலையாட்டினால் அப்புறம் நான் ஆயுசுக்கும் போன் பேசிக்கொண்டே ஆளை இடிக்கிறவன்தான். என் தலையெழுத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அவர்கள் எழுதக் கூடாது.

சிக்கல் ஒன்றுதான். 'இல்லைங்க' என்று சொல்ல வேண்டும். அதுவும் ஜட்ஜிடம்.

வீட்டில் பயிற்சி நடந்தது. வீட்டுக்காரி சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்... இல்லைங்க."

"அந்த ஆமாங் எதுக்கு?"

"அது சும்மா, மரியாதைக்கு."

"மரியாதையை வணக்கம் போட்டுக் காட்டுங்க. மறுக்கா. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

ஒரு வாரம் இது நடந்தது. முடிவில் எந்தக் கேள்விக்கும் 'இல்லைங்க' என்றே வர ஆரம்பித்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர், "நாளைக்கு இலை வந்துருமுங்களா?" என்று கேட்டு, நான் "இல்லைங்க" என்று சொல்லி, அந்த மனுஷர் வேறு ஆளைத் தேட ஓடி, அவரைத் திருப்பிப் பிடித்து வருவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டபோது எனக்கு முன்னால் நின்ற நாலைந்து பேரும் ஒத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரிசை நல்ல வேகத்தில் போனது. அந்த வேகத்தோடு சேர்ந்து போய்விடலாம் போல இருந்தது. ஜட்ஜ் குற்றச்சாட்டைச் சுருக்கமாகச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்றார். கையைக் கூப்பினேன். பின்னால் வீட்டுக்காரி ஒரு தரம் கனைத்தாள்.

"இல்லைங்கய்யா. நான் ஒத்துக்கலைங்க."

அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் விழித்துக்கொண்டார். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்து, விசாரணைக்குத் தேதி போட்டார்.

அதற்கப்புறம் பல வாய்தா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இலை போகும். பாய்க்குக் கை எப்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்க முடியாமல், மெத்தைக் கடைகள் இருக்கிற அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் மண்டபத்துக்குப் போனேன். ஒரு தடவை பழக்கத்தில் வண்டியை அங்கே திருப்பிவிட்டு, ரிவர்ஸிலேயே வெளியே வந்தேன். ரிவர்ஸில் யாரையும் இடிக்கவில்லை. மூன்றாவது கேஸ் வராமல் போனது என் புண்ணியம்.

பாய் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்றைக்குத்தான் அவரை மறுபடி பார்த்தேன். வலது கையை உடம்போடு ஒட்டிவைத்திருந்தார். என் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. அரசுத் தரப்பு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னார். வண்டி பின்னால் வந்தது, கண்ணாடி தட்டியது, விழுந்தேன், எலும்பு முறிந்தது. எல்லாம் நிஜம். மச்சினர் கடைசி பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வக்கீலம்மா எழுந்தார்.

"நடு ரோட்டுல மொபெட்டை எதுக்கு நிறுத்துனீங்க?"

பாய் கடைசி பெஞ்சைப் பார்த்தார். நான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வண்டியை விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"முன்னால யானை நின்னுச்சுங்க," என்றார் பாய். "கூட ஒரு குட்டியும்."

குட்டி இருந்தது எனக்கே தெரியாது. அன்றைக்குப் பார்த்த சுவருக்குப் பின்னால் ஒரு குட்டி நின்றிருக்கிறது.

"பின்னால வந்த வண்டி இடது பக்கம் திருப்பாம நேரா வந்திருந்தா?"

"என்னைக் கொண்டுபோய் யானை மேல தள்ளியிருக்குமுங்க. குட்டி வெச்சிருக்கிற யானை. நான் இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்."

மச்சினர் எழுந்து வெளியே போனார்.

கடைசியில் ஜட்ஜ் என்னைக் கேட்டார். சாட்சி சொன்னதைப் பற்றி, போன் பேசியதாகச் சொல்வதைப் பற்றி, நான் என்ன சொல்கிறேன் என்று.

"போன் கையில இல்லைங்கய்யா. தூக்குப்போசிக்குள்ள இருந்துச்சுங்க."

"எதுக்குள்ள?"

"தூக்குப்போசிங்கய்யா. சோறு கொண்டுபோறது. மூடி போட்டு."

ஜட்ஜுக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார். "போனை எதுக்குத் தூக்குப்போசியில போட்டீங்க?"

வக்கீலம்மாவின் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கியதை நான் பார்த்தேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். காரமடையில் போன் பேசி ஒருவரை இடித்தேன், தண்டனை வாங்கினேன், அதனால் வீட்டில் இந்த ஏற்பாடு. அது நாக்கு நுனியில் வந்து நின்றது. கேட்டால் சொல்லிப் பழகிய நாக்கு. யாரும் இழுக்காமலே அந்தக் கடைசி வரியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஜட்ஜுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பேன். உடைந்த பல்லின் மேல் நாக்கை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"ஊட்டுக்காரம்மா உத்தரவுங்கய்யா," என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை எடுத்துக்கொண்டே, "நல்ல உத்தரவு," என்றார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இல்லைங்க என்றேன். இந்த முறை அது முன்னால் எதையும் கூட்டிக்கொண்டு வராமல் தனியாக வந்தது.

தீர்ப்பு அன்றைக்கு மத்தியானம் வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. அதைக் கேட்டும் நான் கூண்டிலேயே நின்றேன். ஊழியர் வந்து, இறங்குங்க என்று தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. காரமடைத் தண்டனையைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அழிந்துவிட்டதா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன்.

"அது அப்படியேதான் இருக்கும். நீங்க பண்ணுனதுதானுங்கண்ணா?"

நான் பண்ணினதுதான். இருக்கட்டும்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் பாய் நின்றிருந்தார். காலடியில் ஒரு பை. தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாராம். இனிமேல் பேசலாம் என்றார் வக்கீலம்மா. பக்கத்தில் போய் நின்றேன்.

"கை எப்படி இருக்குதுங்க பாய்?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?"

"ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாதுன்னுட்டாங்க."

"வேற ஆருகிட்டயாவது ரெண்டு சாத்துக்குடி குடுத்தனுப்பவும் கூடாதுன்னாங்களா?"

"அதையும் கேட்டேனுங்க. அதுவும் கூடாதுன்னுட்டாங்க."

அவர் வக்கீலம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார். "நீங்க வந்து கையைப் புடிச்சுக் கெஞ்சியிருந்தா, கோர்ட்ல யானையைச் சொல்லியிருக்கவே மாட்டனோ என்னமோ. உங்களுக்காகச் சொன்ன மாதிரி ஆயிருக்கும். என்ற மச்சான் வேற வேண்டாம் வேண்டாம்னு காதுல ஓதிட்டே இருந்தான். நஷ்டஈட்டுக் கேஸ் தனியா நடக்குதுங்க. யானைன்னா இன்சூரன்ஸ்காரங்க நழுவிருவாங்களாம்."

"உங்களுக்குக் கெடுதலாப் போச்சுங்களே, பாய்."

"உங்க கண்ணாடி என்னைத் தட்டுச்சா இல்லையா?"

"தட்டுச்சுங்க."

"அதை அங்க வந்து சொல்லுவீங்களா?"

வக்கீலம்மா இருமினார். "அண்ணா, கொஞ்சம் யோசிச்சு..."

"வாரேனுங்க பாய்," என்றேன். "எந்தத் தேதியானாலும் வாரேன். இலை போனாப் போகுது."

"எத்தனை தூரம் விட்டு வந்தீங்கன்னு கேப்பாங்க. பனியில அவ்வளவு கிட்ட எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க."

அதை நானே என்னிடம் பல தடவை கேட்டிருந்தேன். இன்னும் நாலு அடி தள்ளி வந்திருந்தால் தட்டாமல் தப்பியிருக்கலாம். ஜெயிலுக்குப் போகிற தப்பு இல்லை அது. ஆனால் அவருடைய தோளில் இருக்கிறது.

"கேட்டா உள்ளதைச் சொல்லுவேனுங்க," என்றேன்.

வீட்டுக்காரி, "வண்டி இங்கதான் நிக்குதுங்க, ஊட்டுல கொண்டுபோய் விட்டுடறோம்," என்றாள்.

பாய் என் வண்டியைப் பார்த்தார். புதிதாக மாட்டியிருந்த வலது பக்கக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டாமுங்க அம்மணி. பஸ் வந்துருச்சு."

வந்துவிட்டிருந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். நான் அவருடைய பையைத் தூக்கிப் படிக்கு மேலே வைத்தேன். ஏறி நின்றுகொண்டு, "தேதியை மச்சான் சொல்லுவான்," என்றார். "அவன் திட்டுவான். வாங்கிக்கங்க."